அரைக் கிலோ குதிரைமசால்

எலும்பும் தோலுமாகிவிட்ட ஒரு குதிரையை மீட்டு லாயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பார்ப்பவர் மனம் பதறுகிறது. ஒரு வாளி நிறைய ஓட்ஸும் தவிடும் கலந்து அதன் முன் வைக்கத் தோன்றுகிறது. வைத்தால் குதிரை ஆவலோடு தின்னும்; முதல் நாள் சற்றுத் தெம்பாகக்கூடத் தெரியும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ மூச்சுத் திணறி, கால் மடங்கி, இதயம் நின்று அது செத்துப்போகலாம். பல மாதப் பட்டினியைத் தாங்கிய உடல் அந்த ஒரு வாளியைத் தாங்கவில்லை.

குதிரை மீட்பில் ஆபத்து மிகுந்த காலம் முதல் பத்து நாள். அதைக் கடந்த பிறகும் வேலை முடிவதில்லை. உடலின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு காலக்கணக்கு வைத்திருக்கிறது. ரத்தத்தின் உப்புகள் நாட்கணக்கில் சீராகும். குடலுக்கு வாரங்கள் ஆகும், தசைக்கு மாதங்கள். குளம்புக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு வேண்டும். இந்த வரிசையை மதிக்கும் மீட்பில்தான் குதிரை பிழைக்கிறது. குதிரை பெரிதாக இருந்தால் கணக்கு இன்னும் கடினமாகிறது. அதனால் இந்த அத்தியாயத்துக்கு இழுவைக் குதிரையை எடுத்துக்கொள்வோம்.

வேலை போன பெரிய உடல்கள்

இங்கிலாந்தின் ஷயர், ஸ்காட்லாந்தின் கிளைடெஸ்டேல், பிரான்ஸின் பெர்ச்செரான், பெல்ஜியத்தின் பிரபான்ட் ஆகியவை பெயர்பெற்ற இழுவைக் குதிரை இனங்கள். பந்தயக் குதிரையின் எடை 500 கிலோ அளவில் இருக்கும். இவை 800, 900 கிலோ இருக்கும். சில ஒரு டன்னைத் தொடும். ஏர் உழவும், வெட்டிய மரத்தை இழுத்துவரவும், பீப்பாய் ஏற்றிய வண்டியை நகர்த்தவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட உடல்கள் இவை. டிராக்டரும் லாரியும் வந்ததும் அந்த உடல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பசி மட்டும் அப்படியே இருந்தது. 900 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 18 கிலோ வரை உலர்புல் தேவை.

உழைத்துத் தேய்ந்த குதிரை என்ன ஆகிறது என்ற கேள்வி பழையது. 1911-இல் ஏடா கோல் என்ற ஆங்கிலேயப் பெண், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் பிரிட்டனின் கிழட்டு வேலைக் குதிரைகள் கப்பலிலிருந்து இறக்கப்பட்டு இறைச்சிக்கூடத்துக்கு ஓட்டிச் செல்லப்படுவதைக் கண்டார். அந்த ஏற்றுமதியை எதிர்த்து 1927-இல் அவர் தொடங்கிய சங்கம்தான் இன்று வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர் என்ற பெயரில் இயங்குகிறது.

அமெரிக்காவில் இக்கதை இன்னும் முடியவில்லை. பென்சில்வேனியா, ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களில் ஆமிஷ் சமூகத்தார் இன்றும் பெல்ஜியன் என்ற இழுவை இனத்தையும் பெர்ச்செரானையும் ஏரில் பூட்டி உழுகிறார்கள். நொண்டத் தொடங்கிய குதிரை ஏலச் சந்தைக்குப் போகிறது. அமெரிக்காவின் கடைசி குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்ட பிறகு, ஏலத்தில் கசாப்புக்கு வாங்கப்பட்டவை கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரி ஏறின. மீட்பு மையங்கள் சில குதிரைகளை இந்த ஏலங்களில் வாங்குகின்றன. வேறு சில, உரிமையாளரிடமிருந்து அதிகாரிகள் பறிமுதல் செய்து ஒப்படைப்பவை.

கைவைத்துப் பார்

குளிர்காலத்தில் வந்திறங்கும் பெல்ஜியன் ஒன்றைக் கற்பனை செய்வோம். அடர்ந்த குளிர்கால ரோமம், அகன்ற எலும்புக்கூடு, பருத்த வயிறு. பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு, ‘இதற்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். அந்த வயிற்றில் இருப்பது சத்தில்லாத நாரும் வாயுவும் புழுவும். கொழுப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கைதான் சொல்லும்.

கைக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தவர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் டான் ஹென்னிகி. 1983-இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட முறையில் 1 முதல் 9 வரை மதிப்பெண். கழுத்து, பிடரி முடியும் தோள்மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு, வால் தொடங்கும் இடம் என ஆறு இடங்களை அழுத்திப் பார்க்க வேண்டும். 1 என்றால் விரலுக்குக் கொழுப்பே அகப்படாது. முதுகெலும்பின் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். 5 நடுத்தரம்: விலா கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும். 9 மிதமிஞ்சிய கொழுப்பு. பெட்டைக் குதிரைகளின் உடல்நிலைக்கும் சினைபிடிப்பதற்கும் உள்ள உறவை ஆராயவே இந்த அளவுகோல் உருவானது. பிற்பாடு விலங்குவதை வழக்குகளிலும் அது இடம்பிடித்தது. ‘மெலிந்திருந்தது’ என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் மறுக்கலாம்; ஆறு இடங்களில் அழுத்திப் பார்த்து எழுதிய மதிப்பெண்ணை மறுப்பது எளிதன்று.

அடுத்தது எடை. தராசு இல்லாத இடத்தில் ஒரு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்து முனைவரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் தோராய எடை கிடைக்கும். நம் பெல்ஜியனின் சுற்றளவு 205, நீளம் 185 என்றால் எடை ஏறக்குறைய 654 கிலோ. ஆரோக்கியத்தில் 900 கிலோ இருந்திருக்க வேண்டிய உடல் கால்பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. ஏறக்குறைய பாதியை இழந்த குதிரைகள் பிழைப்பது அரிது.

முதல் பத்து நாள்

பட்டினியில் உடல் முதலில் ஈரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜனைச் செலவழிக்கிறது. அது விரைவில் தீர்ந்துவிடும். அடுத்து கொழுப்பு. கொழுப்பும் வற்றும்போது புரதத்தில் கை வைக்கிறது. முதுகுத் தசை, தொடைத் தசை, குடலின் உட்சுவர், கடைசியில் இதயத் தசைவரை அதற்கு விறகாகின்றன. சர்க்கரை வரத்து இல்லாததால் இன்சுலின் சுரப்பு அடங்கிக் கிடக்கிறது. இதற்கிடையே செல்களுக்குள் இருந்த பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியம் கையிருப்பும் குறைந்துகொண்டே போகிறது. இதில் ஓர் ஏமாற்று உண்டு. முகப்பில் சரக்கு அடுக்கியிருக்க, பின்கட்டுக் கிடங்கு காலியாகிவிட்ட கடையைப் போல, ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் ஏறக்குறைய சரியாகவே இருக்கும்.

இந்த நிலையில் ஒரு வாளி தானியம் உள்ளே போகிறது. மாவுச்சத்து சர்க்கரையாகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் இன்சுலின் பாய்கிறது. இன்சுலினின் ஆணைப்படி செல்கள் சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. கூடவே பாஸ்பேட்டையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் இருந்த கொஞ்சநஞ்சமும் சில நாட்களில் சரிகிறது. செல்லின் எரிசக்தி நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறை அச்சடிக்க பாஸ்பேட் வேண்டும். அது கிடைக்காதபோது ஓயாமல் உழைக்கும் உறுப்புகள் தடுமாறுகின்றன: இதயம், மூச்சுத் தசைகள், ரத்தச் சிவப்பணுக்கள். மறுஊட்ட நோய்க்குறி என்று மருத்துவம் இதைக் குறிப்பிடுகிறது. இதை மருத்துவர்கள் முதலில் கண்டது மனிதர்களிடம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து விடுபட்டவர்களில் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகே இறந்தார்கள்.

குதிரைக்கு எந்தத் தீனியைக் கொடுத்துத் தொடங்குவது என்பதை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேரலின் ஸ்டல்லும் கிறிஸ்டின் விதமும் 1990-களில் சோதித்தார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைகளுக்கு, எரிசக்தி அளவில் ஒத்த மூன்று வகைத் தீனிகளைக் கொடுத்து ரத்தத்தைக் கவனித்தார்கள். மேலானதாகத் தெரிந்தது உலர்த்திய குதிரைமசால். நம் ஊர் மாட்டுப் பண்ணைகளில் வளர்க்கும் அதே தீவனப் பயிர்தான். மாவுச்சத்து குறைவு என்பதால் இன்சுலின் பாய்ச்சலைத் தூண்டுவதில்லை. தரமான புரதமும், உடல் ஏங்கிக் கிடக்கும் பாஸ்பரஸும் மக்னீசியமும் அதில் உண்டு.

அந்த ஆய்வுகளின் வழியே உருவான அட்டவணை எளிமையானது, கண்டிப்பானது. ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான குதிரைமசால். இரவு பன்னிரண்டு மணி வேளையையும் விடக்கூடாது. நாளொன்றுக்கு மொத்தம் 2.7 கிலோ. நான்காம் நாளிலிருந்து அளவைக் கூட்டி, வேளைகளைக் குறைத்துக்கொண்டே வந்து, ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கிலோ என்று ஆக்க வேண்டும். பத்தாம் நாளுக்குப் பிறகுதான் தின்ன முடிந்த அளவு. பெரிய குதிரைக்கு அதன் இன்றைய எடையைக் கொண்டு கணக்கிட வேண்டும். ஒருகாலத்தில் இருந்த எடை இங்கே உதவாது.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தானியம் அறவே கூடாது. ‘இளைத்தவனுக்கு எள்ளு’ என்பார்கள். அந்த எள்ளின் எண்ணெய்க்கும் இப்போது வேளை வரவில்லை. எண்ணெயில் எரிசக்தி உண்டு. கிடங்கை நிரப்பும் தாது உப்புகள் இல்லை.

பெரியவர்களின் தனிச் சிக்கல்

இழுவைக் குதிரையை வெறும் பெரிய அளவுக் குதிரையாக நினைத்துவிட முடியாது. அதன் தசையிலேயே ஒரு புதிர் உண்டு. அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் ‘திங்கள்கிழமை நோய்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஞாயிறு முழுக்க ஓய்வும் வழக்கமான முழுத் தானியமும் பெற்ற குதிரை, திங்கள் காலை வண்டியில் பூட்டியதும் வியர்த்து, தசை இறுகி, நகர மறுத்துவிடும். இத்தகைய தசை நோய்களில் ஒருவகைக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மாலி மெக்யூ, ஸ்டெஃபனி வால்பெர்க் குழுவினர் கண்டுபிடித்தனர். கிளைக்கோஜனைக் கட்டும் நொதிக்கான ஜி.ஒய்.எஸ்.1 மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அது. அந்த நொதி அளவுக்கு மீறி உழைத்து, தசைக்குள் கிளைக்கோஜனைக் குவித்துக்கொண்டே போகிறது. வட அமெரிக்காவில் சோதித்த பெல்ஜியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், பெர்ச்செரான்களில் பாதிக்கு மேலும் இந்த மாற்றம் இருந்தது. ஷயரிலும் கிளைடெஸ்டேலிலும் மிக அரிது.

அந்த நொதியை மேலும் முடுக்கிவிடுவது இன்சுலின். ஆகவே முதல் வாரத்தில் பாஸ்பேட்டுக்காகத் தவிர்த்த தானியத்தை, பெல்ஜியனுக்குப் பிறகும் தவிர்க்க வேண்டியிருக்கிறது. தசை தேற எரிசக்தி தேவைப்படும்போது, பத்து நாள் தாண்டிய பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தாவர எண்ணெய் சேர்க்கிறார்கள். எள்ளுக்கு வேளை வருவது அப்போதுதான்.

உடலின் பெரிய அளவு இன்னொரு சிக்கல். குதிரைகள் நின்றபடியே தூங்கவல்லவை. கால்களிலுள்ள தசைநார்களின் அமைப்பு அதிகச் செலவின்றி அவற்றை நிறுத்திவைக்கும். ஆனால் பலவீனமான 650 கிலோ உடல் ஒருமுறை படுத்துவிட்டால் எழத் தசை இருக்காது. அடியில் சிக்கிய தசைக்கு ரத்தம் போகாமல் அது நசியத் தொடங்கும். மூன்று நாளுக்கு மேல் எழாத குதிரை மீள்வது கடினம். கட்டுவார்ப்பட்டையும் தூக்கும் சாதனமும், புரட்டிப் போட ஆட்களும் தயாராக இல்லாத இடம் இழுவைக் குதிரையை ஏற்கக்கூடாது. மயக்க மருந்திலும் கவனம் வேண்டும்: எடைக்கு எடை பார்த்தால் இவற்றுக்குக் குறைந்த அளவே போதும்.

வாயும் வயிறும்

குதிரையின் இரைப்பை உடலோடு ஒப்பிட்டால் சிறியது. வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. உண்மையான சமையற்கூடம் பின்னால் இருக்கிறது. குருட்டுக்குடலும் பெருங்குடலும் சேர்ந்து நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்து, அசெட்டிக், புரோபியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக்கிக் குதிரைக்குக் கொடுக்கின்றன. குதிரையின் எரிசக்தியில் பெரும்பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. பட்டினியில் அந்த நுண்ணுயிர்க் கூட்டமும் மெலிந்துபோகிறது. புதுத் தீனிக்கு அது பழக வாரங்கள் ஆகும். திடீர் மாற்றம் வயிற்றுவலியில் முடியும். நார் நொதிக்கும்போது வெப்பமும் பிறக்கிறது. கொழுப்புப் போர்வையற்ற குதிரைக்குக் குளிர்கால இரவில் அது உள்ளிருந்து கிடைக்கும் கணப்பு.

தின்பதை மெல்லாவிட்டால் இவை எதுவும் பயன்தராது. குதிரையின் கடைவாய்ப் பற்கள் வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலெழுந்துகொண்டே இருக்கும். அரைத்து அரைத்துத் தேயும். தேய்மானம் சீராக இல்லையென்றால் ஓரங்கள் கத்தியாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாக வாயிலிருந்து உதிர்க்கும் குதிரைக்கு இன்னும் அதிகத் தீனி போட்டுப் பலனில்லை. மருத்துவர் அரம் கொண்டு பல்லைச் சமன்செய்ய வேண்டும். பல்லே தேய்ந்துபோன முதியவற்றுக்கு ஊறவைத்த உருண்டைத் தீவனம்.

புழு நீக்கத்திலும் அவசரம் கூடாது. குடற்சுவருக்குள் கூடுகட்டிக் கிடக்கும் சிறு உருளைப்புழுக்களின் இளம்பருவங்கள் ஒரே நேரத்தில் வெளியேறினால் சுவர் சிதைந்து கடும் வயிற்றுப்போக்கு உண்டாகும். அதனால் சாணத்தில் முட்டைகளை எண்ணிப் பார்த்து, குதிரை சற்று நிலைப்பட்ட பிறகே மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

ஓராண்டுக் குளம்பு

குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. மேலே தோலை ஒட்டி இன்று உருவாகும் கொம்புப் பொருள் குளம்பின் நுனியைத் தொட ஓர் ஆண்டுவரை ஆகும். பட்டினிக் காலத்துக் குளம்பில் அதன் வரலாறு வளையங்களாகப் பதிந்திருக்கும். நல்ல தீனி தொடங்கிய பிறகு மேலிருந்து வழுவழுப்பான புதுச் சுவர் இறங்கிவரும். வெடித்து, தட்டுப்போல விரிந்த குளம்பை லாடக்காரர் ஒரே நாளில் செதுக்கிச் சீராக்க முயலமாட்டார். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் திருத்துவார். அதற்குள் காலும் மூட்டும் புதுக்கோணத்துக்குப் பழகிக்கொள்ளும்.

ஷயர், கிளைடெஸ்டேலின் கால்களில் தொங்கும் நீண்ட ரோமத்துக்கு அடியில் வேறு உலகம் இருக்கிறது. ஈரமும் அழுக்கும் தங்கி, கோரியாப்டிஸ் என்ற நுண்சிலந்தி பெருகி, அரிப்பில் குதிரை காலை உதைத்துக்கொண்டே இருக்கும். இவ்வினங்களிலும் பெல்ஜியனிலும் நிணநீர் வடியாமல் கால் தடித்து மடிப்பு விழும் நாட்பட்ட நோய் ஒன்றும் உண்டு. அதைக் குணமாக்க இயலாது, கட்டுக்குள் வைக்கலாம். சேணக் கயிற்றில் சிக்கக்கூடாதென்று வாலை ஒட்ட நறுக்கும் வழக்கத்தால், ஈ விரட்டவும் வழியற்ற குதிரைகள் பல. பிரிட்டன் அவ்வழக்கத்தை 1949-இல் சட்டத்தால் தடுத்தது.

மூன்று காலில் நிற்பது

லாடக்காரர் காலைத் தூக்கும்போது குதிரை பிடுங்கிக்கொள்கிறது. முரட்டுக் குதிரை என்ற பெயர் வந்துவிடுகிறது. தசை கரைந்த குதிரைக்கு மூன்று காலில் எடையைத் தாங்க வலுவே இல்லாமலிருக்கலாம். அறிந்தவர்கள் சில நொடிகள் மட்டும் தூக்கி, அது பிடுங்குவதற்கு முன்பே தாங்களாகக் கீழே விடுகிறார்கள். அழுத்தம் விலகும் அந்தக் கணத்தில்தான் குதிரை கற்கிறது. எதைச் செய்துகொண்டிருந்தபோது விடுதலை கிடைத்ததோ, அதை மறுபடி செய்யும்.

1993-இல் பிரான்ஸின் கமார்க் குதிரைகளில் கிளாடியா ஃபேயும் உடன் ஆய்வாளரும் ஒன்றைக் கண்டார்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடும் தோள்மேட்டருகே மனிதக் கை சொறிந்தாலும் இதயத் துடிப்பு குறைந்தது; வேறிடத்தில் சொறிந்தால் குறையவில்லை. பழகியவர்கள் புதுக்குதிரையின் முகத்தை முதலில் தட்டிக்கொடுப்பதில்லை; தோள்மேட்டுக்குத்தான் கை போகும். 2016-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், கோபமுகப் படத்தைக் கண்ட குதிரைகள் இடக்கண்ணால் அதிகம் பார்த்தன; துடிப்பும் விரைவாக ஏறியது. முகத்தில் எரிச்சலோடு லாயத்துக்குள் போகிறவர் அதைக் குதிரையிடமிருந்து மறைக்க முடியாது.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி என்ற அட்டவணை இங்கேயும் உதவுகிறது. பசியறிந்த குதிரை தீனிக்காகச் சண்டைக்கு வரும். காதை மடக்கும், பின்னங்காலை வீசும். குறித்த நேரத்தில் ஒரே மனிதர் நாளுக்கு ஆறுமுறை வந்து போகும்போது, அடுத்த வேளை வரும் என்பதும் அது கற்கும் பாடமாகிறது.

எங்கே நிறுத்துவது

எல்லாக் குதிரையும் தேறிவிடாது. 1930-இல் கெய்ரோவுக்குச் சென்ற டாரதி புரூக், முதல் உலகப் போரில் உழைத்து அங்கேயே விற்கப்பட்ட பிரிட்டிஷ் படைக் குதிரைகள் நலிந்து கிடப்பதைக் கண்டார். நாளிதழில் கடிதம் எழுதி நிதி திரட்டி ஏறக்குறைய 5,000 குதிரைகளை வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவரால் தரமுடிந்தது சில நாள் நல்ல தீனியும் வலியற்ற மரணமும் மட்டுமே. 1934-இல் அவர் அங்கே நிறுவிய மருத்துவமனை, இன்று பல நாடுகளில் இயங்கும் புரூக் அமைப்பாக வளர்ந்தது. மீட்புப் பணியில் கருணைக்கொலையைத் தோல்வியாக எண்ணாதவர்கள்தான் நீடிக்கிறார்கள்.

தேறும் குதிரைக்கு எடை திரும்ப மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். மிக மோசமான நிலையிலிருந்து வந்ததற்கு இன்னும் கூடுதல். தீனி கொழுப்பைத் தரும். தசைக்கு வேலையும் வேண்டும். முதலில் கயிற்றில் பிடித்து நடை, பிறகு மேடேற்றம், கடைசியில் இலகுவான இழுவை. ஜி.ஒய்.எஸ்.1 மாற்றமுள்ள குதிரைக்குத் தினசரி நடமாட்டமே மருந்து.

இந்தக் கட்டத்தில் அடுத்த ஆபத்து தலைகாட்டுகிறது. இழுவைக் குதிரை சாதாரணக் குதிரையைவிட, கிலோவுக்குக் கிலோ, குறைவாகத் தின்றே உடல் பிடிக்கும். எலும்பாய்ப் பார்த்த குதிரையை உருண்டு திரண்டு பார்க்கும் ஆசையில், 5-இல் நிறுத்த வேண்டிய மதிப்பெண்ணை 7, 8 வரை கொண்டுபோய்விடுகிறார்கள். கொழுத்த குதிரையின் ரத்தத்தில் இன்சுலின் நிரந்தரமாக உயர்ந்து நிற்கக்கூடும். 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான குட்டைக் குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தியபோது, மூன்றே நாட்களுக்குள் குளம்பின் உள்ளடுக்குகள் பிரியும் அழற்சி வந்தது. 900 கிலோவைத் தாங்கும் நான்கு குளம்புகளுக்கு அது மரண தண்டனையாகலாம்.

முதல் வாரத்தில் பாஸ்பேட்டைப் பறித்த அதே இன்சுலின் ஓராண்டு கழித்துக் குளம்பைப் பறிக்கக் காத்திருக்கிறது. அரைக் கிலோவில் தொடங்கிய கை, இப்போதும் தீனியை எடைபோட்டே வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே ஆறு இடங்களை அழுத்திப் பார்த்து மதிப்பெண் எழுத வேண்டும். 6-ஐத் தாண்டினால் தீனியைக் குறைத்து நடையைக் கூட்ட வேண்டும். குதிரை உயிரோடு இருக்கும்வரை இந்த ஏட்டை மூடுவதில்லை.